மூச்சு, இரண்டாம் பதிப்பு

செத்துப்போனவர் பேச்சை நிறுத்திவிட்டார் என்று யாராவது புகார் சொல்வார்களா? அக்கா சொன்னாள். அதுவும் அலுவலக நேரத்தில், தம்பி ஒரு கூட்டத்தில் உட்கார்ந்து எல்லாம் புரிந்தவன்போலத் தலையாட்டிக்கொண்டிருந்தபோது போன் செய்து சொன்னாள்.

"அவர் பேச மாட்டேங்கிறார்டா. என்ன அடிச்சாலும் பேச மாட்டேங்கிறார். இங்கிலீஷ்ல ஏதோ ரெண்டு வரி வருது, அப்புறம் சும்மா கிடக்கு."

தம்பி கூட்டத்திலிருந்து நழுவி வெளியே வந்தான். உண்மையைச் சொன்னால், அவனுக்கு முதலில் வந்தது நிம்மதி. அப்பாடா, ஒழிந்தது என்றுதான் நினைத்தான். மறு கணமே, இப்படி நினைக்கிறோமே என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

"நான் பாக்கறேன்க்கா. நீ முதல்ல சாப்பிடு."

"அவர் பேசட்டும், சாப்பிடறேன்," என்று சொல்லி அக்கா போனை வைத்துவிட்டாள்.

அத்தானைத் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அக்காவின் கணவர். தம்பி வேலை பார்க்கும் அதே ஆராய்ச்சி நிறுவனத்தில், கணினிக்குப் பேசக் கற்றுக்கொடுக்கும் பிரிவில் இருந்தார். கணினிக்கு அவர் எவ்வளவு கற்றுக்கொடுத்தாரோ தெரியாது, அவரைப் பேச விட்டால் நிறுத்துவதற்குத் தனியாக ஓர் ஆள் வேண்டும். அப்பேர்ப்பட்ட மனிதருக்குத் தொண்டையில் கட்டி. குரல்வளையையே எடுத்தாக வேண்டும் என்று டாக்டர் சொன்ன அன்று வீடே இடிந்துபோய் உட்கார்ந்தது. அத்தான் மட்டும் மறுநாள் காலையில் பின்னறைச் சுவர் முழுக்கப் போர்வைகளை ஆணியடித்துத் தொங்கவிட்டார். நல்ல மைக் ஒன்று வாங்கினார். ஆபரேஷனுக்கு முன்னால் தன் குரலைப் பத்திரப்படுத்தப் போகிறேன் பேர்வழி என்று வாக்கியம் வாக்கியமாகப் படித்துப் பதிவு செய்ய ஆரம்பித்தார்.

அந்த நாட்களில் அந்த வீட்டில் நடமாடுவதே பெரும் பாடு. தட்டு விழக் கூடாது. குழாயைத் திறக்கக் கூடாது. தும்மல் வந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு தெருவுக்கு ஓட வேண்டும். பின்னறைக் கதவின் தாழ்ப்பாள் லொடலொடவென்று ஆடும்; காற்று கொஞ்சம் பலமாக வீசினால் கதவு தானாகத் திறந்துகொண்டு வீட்டுச் சத்தத்தை எல்லாம் உள்ளே விடும். அத்தானின் அம்மாதான் அதற்குக் காவல். தம்பி அவளை அத்தை என்று கூப்பிடுவான். "ராஜா படிக்கிறார், எல்லாரும் வாயப் பொத்துங்க," என்று கேலி செய்துகொண்டே அத்தை நுனிக்காலில் நடப்பாள்.

பதிவு செய்ததைத் துண்டு துண்டாக நறுக்கி, எதைத் தட்டச்சு செய்தாலும் அந்தத் துண்டுகளை ஒட்டித் தன் குரலிலேயே பேசுகிற ஒரு புரோகிராமை அத்தான் எழுதினார். அதற்குத் துணையாக, அது கூப்பிட்டால் வந்து வேலை செய்து தரும் கோப்பாக, ஒரு சின்ன லைப்ரரி. வாக்கியத்துக்கும் வாக்கியத்துக்கும் நடுவில் மனிதன் நிறுத்தி மூச்சு விடுவான் இல்லையா, அந்த இடைவெளியைக் கொண்டுவந்து வைப்பது மட்டுமே அதன் வேலை. லைப்ரரி என்பதற்கு அடையாளமாக லிப் சேர்த்து, அதற்கு லிப்மூச்சு என்று பெயர் வைத்தார். "மாப்ள, மனுஷன் பேசறதுல பாதி, பேசாம இருக்கறதுதான்," என்று மச்சினனிடம் பெருமையடித்தார். பேசாமல் இருப்பதைப் பற்றி அவர் உபதேசம் செய்தது அந்த வீட்டில் எல்லாருக்கும் சிரிப்பாக இருந்தது.

ஆபரேஷன் ஆனது. அதன் பிறகு அவர் தட்டினார், கணினி பேசியது. நிறுவனத்தின் பெரிய கணினியில் புரோகிராம் ஓடும். வீட்டு லேப்டாப்பில் குரல் வரும். அப்படியே கொஞ்ச காலம் ஓட்டினார். பிறகு நோய் வேறு இடத்தில் தலைகாட்டியது. இந்த முறை பத்திரப்படுத்த எதுவும் இல்லை. அத்தான் போய்விட்டார்.

கதை அதோடு முடிந்திருக்க வேண்டும். உறவுக்காரர்கள் எல்லாம் வந்து அழுதுவிட்டுக் கலைந்த பிறகு, ஒரு மாலை, அவர் வழக்கமாக வேலையிலிருந்து திரும்பும் நேரத்தில், அக்கா லேப்டாப்பைத் திறந்து "வந்துட்டேன்" என்று தட்டினாள்.

"வந்துட்டேன்," என்றது அத்தானின் குரல்.

அன்றிலிருந்து தினமும் வந்தார். முதலில் அந்த ஒரு சொல்தான். பிறகு "என்ன பண்ணிட்டிருக்கே?" என்று கேட்டார். பிறகு, "கண்ணைக் கெடுத்துக்காதே, போய்ப் படு." ஒரு நாள் தம்பி வீட்டுக்குள் நுழைந்தபோது பின்னறையிலிருந்து அத்தானின் குரல் அக்காவைக் கடுமையாகக் கடிந்துகொண்டிருந்தது, அக்கா வாய்விட்டுப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். தன்னைத் தானே திட்டித் தட்டிவிட்டு, தானே கோபித்துக்கொள்கிறாள். அது என்ன பேசினாலும் அக்கா அடித்ததைத்தான் பேசுகிறது, ஓர் எழுத்து கூடுதலாகப் பேசாது என்று தம்பி தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். அது ஒன்றுதான் அவனுக்கு ஆறுதல்.

இத்தனைக்கும் அந்த ஏற்பாட்டைச் செய்து கொடுத்தவனே அவன்தான். நிறுவனக் கணினியில் அத்தானின் கணக்கை மூடிவிட்டால் அக்காவால் உள்ளே வர முடியாதே என்று, புரோகிராமையும் குரல் துண்டுகளையும் தன் கணக்குக்கு நகலெடுத்து வைத்திருந்தான். அக்கா கேட்டாள், செய்தான். அவள் கேட்டு அவன் எதைத்தான் செய்யாமல் இருந்திருக்கிறான்?

இப்போது அந்தப் புரோகிராம் படுத்துவிட்டது. தன் மேசைக்குப் போய் அவனே ஒரு முறை ஓட்டிப் பார்த்தான். அதே இரண்டு வரி. லைப்ரரியை ஏற்ற முடியவில்லை; அப்படி ஒரு கோப்பே கிடையாது.

அந்தப் பெரிய கணினி ஓடுவது லினக்ஸ் என்ற இயங்குதளத்தில். அதில் எந்தப் புரோகிராமும் எல்லா வேலையையும் தானே இழுத்துப் போட்டுக்கொள்வதில்லை. பலருக்கும் பொதுவான வேலைகளைச் செய்து தரத் தனித்தனி லைப்ரரிகள் உண்டு. புரோகிராம் கிளம்பும்போது இன்னார் இன்னார் வேண்டும் என்று பெயர் சொல்லிக் கூப்பிடும். ஒருத்தர் வராவிட்டாலும் அடம்பிடிக்கிற பிள்ளை மாதிரி வாசற்படியிலேயே உட்கார்ந்துவிடும். யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று ஆஜர் எடுத்துச் சொல்ல ஒரு கட்டளை இருக்கிறது. தம்பி அதைக் கொடுத்தான். இரண்டு பேர் வரவில்லை.

ஒன்று, ஒலிக்கான பொது லைப்ரரி. பெரிய கணினியை அண்மையில் புதுப்பித்தபோது பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைத்திருந்தார்கள். அது பெரிய விஷயமில்லை. இன்னொன்று லிப்மூச்சு, இரண்டாம் பதிப்பு.

அதை எங்கே போய்த் தேடுகிறாய் என்று புரோகிராமின் உள்ளே தம்பி துழாவிப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. லினக்ஸில் ஒவ்வொரு ஆளுக்கும் சொந்தமாக ஓர் இடம் ஒதுக்குவார்கள். அதற்குப் பெயரே வீடு. மூச்சு வேண்டுமென்றால் என் வீட்டுக்குப் போய் எடுத்துக்கொள் என்று, புரோகிராமைக் கட்டும்போதே அத்தான் அதன் வயிற்றில் தன் வீட்டு விலாசத்தை எழுதி வைத்திருந்தார். தம்பி புரோகிராமை நகலெடுத்தான், மூச்சை எடுக்கவில்லை. அது தானாக ஓடியதால் எல்லாம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டான். அப்படியென்றால் இத்தனை நாளும் அக்கா ஒவ்வொரு முறை "வந்துட்டேன்" என்று தட்டியபோதும், அது செத்தவர் வீட்டுக்குப் போய் மூச்சை வாங்கிக்கொண்டு வந்துதான் பேசியிருக்கிறது.

அந்த வீட்டு விலாசத்தைத் திறந்து பார்த்தான். அங்கே வீடே இல்லை.

பெரிய கணினியின் முழு அதிகாரமும் ஒரே ஒருவரிடம் இருந்தது. எல்லாரும் அவரைச் சாவிக்காரர் என்பார்கள். மின்விசிறிகள் இரைகிற கணினி அறைக்குப் பக்கத்தில், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், குளிருக்கு மஃப்ளர் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

"கூட்டிப் பெருக்கினோம்ப்பா," என்றார் சாவிக்காரர். "வேலைய விட்டுப் போனவங்க, வெளிநாடு போனவங்க, அப்புறம்..." என்று கொஞ்சம் தயங்கி, "போனவங்க," என்று முடித்தார்.

"அந்த வீட்ல ஒரு லைப்ரரி இருந்துச்சு சார். ஒரே ஒரு ஃபைல்."

"பேக்கப்ல இருக்கும். எடுத்துத் தரலாம். ஆனா கணக்கோட சொந்தக்காரர் கேக்கணும்."

"சொந்தக்காரர் செத்துட்டார் சார்."

"அதான் யோசிக்கறேன்." அவர் நிஜமாகவே யோசித்தார். "சரி, பிரிவுத் தலைவர் மூலமா மேலே அனுப்பறேன். ஒத்துக்கிட்டா எடுத்துத் தரேன். இன்னைக்கே வேணும்னு என் கழுத்துல உக்காராதே."

"ஒலி லைப்ரரியையாவது பழையபடி போட்டுக் குடுங்களேன்."

"ஒருத்தனுக்காகப் பழசைப் போட்டா, நாளைக்கு ஊரே வரிசையில நிக்கும். பாதுகாப்புல ஓட்டை விழுந்த பழசு அது. ஏதாவது ஆச்சுன்னா எவன் பதில் சொல்றது?" என்று கத்திவிட்டு, குரலைத் தணித்துக்கொண்டார். "உன் வீட்டுக்குள்ள நீ என்ன வேணா வெச்சுக்கோ. அதை நான் எட்டிப் பாக்கப் போறதில்லை."

அது போதும். பொது அலமாரியில் கை வைக்கத்தான் அதிகாரம் வேண்டும். சொந்த வீட்டு மூலையில் சின்னதாக ஓர் அலமாரி வைத்து, பொது இடத்தைப் பார்ப்பதற்கு முன்னால் இங்கே பார் என்று புரோகிராமுக்குச் சொல்லிவிட யாருடைய அனுமதியும் தேவையில்லை. தம்பி பழைய ஒலி லைப்ரரியின் பொட்டலத்தை இணையத்திலிருந்து இறக்கினான். அதைக் கணினியில் நிறுவாமல், வெறுமனே பிரித்து, உள்ளே இருந்ததைத் தன் வீட்டில் ஒரு மூலையில் வைத்தான். முதலில் இங்கே தேடு என்ற குறிப்பை இந்த ஒரு புரோகிராமுக்கு மட்டும் கொடுத்தான். எல்லாவற்றுக்கும் பொதுவாகக் கொடுத்தால் மற்றவையும் பழசை எடுத்துக் குழம்பித் தொலையும். மறுபடி ஆஜர் எடுத்தான். ஒலி வந்துவிட்டது. மூச்சு வரவில்லை.

மூச்சை இணையத்தில் எங்கே போய்த் தேடுவது? உலகத்திலேயே அதை எழுதியவர் ஒருவர்தான்.

நம்பிக்கை இல்லாமல்தான் தன் சொந்த வீட்டைத் துழாவினான். பழைய கோப்புகளுக்கு நடுவே, "சோதனை" என்று பெயரிட்ட இடத்தில், லிப்மூச்சு கிடந்தது. முதல் பதிப்பு. பதிவுகள் ஓடிக்கொண்டிருந்த நாட்களில், ஓட்டிப் பார்த்துச் சொல்லு மாப்ள என்று அத்தான் அனுப்பியது. புரோகிராம் கேட்பதோ இரண்டாம் பதிப்பு. தம்பி கொஞ்ச நேரம் விரலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிறகு அந்தத் தொழிலில் எல்லாரும் மற்றவர்களிடம் செய்யாதே என்று சொல்லிவிட்டுத் தாங்கள் மட்டும் செய்கிற காரியத்தைச் செய்தான். முதல் பதிப்பின்மேல் இரண்டாம் பதிப்பின் பெயரை ஒட்டினான். புரோகிராம் வந்தது, பெயரைப் பார்த்தது, நம்பியது.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு, "ஒன்று இரண்டு மூன்று" என்று தட்டினான்.

"ஒன்று இரண்டு மூன்று," என்றார் அத்தான். துளி பிசிறில்லை.

தம்பிக்குக் கண் கலங்கிவிட்டது. அக்காவுக்குப் போன் செய்து, "சரியாயிடுச்சு, சாயந்தரம் வரேன், சாப்பிடு," என்று மட்டும் சொன்னான்.

மாலையில் அவன் போனபோது அத்தை வாசலிலேயே நின்றாள். செருப்பைக் கழற்றக்கூட விடவில்லை.

"சரி பண்ணிட்டியாமே?"

"ஆமா அத்தை."

"ஏன்ப்பா பண்ணினே?" என்றாள் அத்தை. "நின்னுச்சேன்னு நான் உள்ளுக்குள்ள கும்பிட்டுக்கிட்டிருந்தேன். அவ ரெண்டு நாள் அழுவா, மூணாம் நாள் எழுந்து மூஞ்சி கழுவுவான்னு நெனச்சேன். நீ மறுபடி அந்தச் சனியனைக் கூட்டிட்டு வந்துட்டே."

"அக்கா சாப்பிட மாட்டேங்கிறாளே அத்தை."

"அது என் புள்ளை இல்லப்பா. என் புள்ளை இப்படி இனிக்க இனிக்கப் பேச மாட்டான். அவன் வள்ளுன்னு விழுவான். ஒருநாள் உங்கக்கா என்னையும் உக்கார வெச்சு, அம்மா, சாப்டியா, உடம்பு எப்படி இருக்குன்னு பேச வெச்சா. நான் எழுந்து வந்துட்டேன். பெத்தவளுக்குத் தெரியாதா? அவன் குரலைப் போத்திக்கிட்டு வேற எவனோ உக்காந்திருக்கான்."

அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள். அந்தக் குரல் வரும் நேரத்தில் அவள் எப்போதும் அங்கே போய்க் குழாயைத் திறந்துவிட்டு, கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவிக்கொண்டிருப்பாள்.

பின்னறையில் போர்வைகள் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தன. அக்கா தலை வாரி, புடவை மாற்றி, லேப்டாப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறவரை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பவள் மாதிரி இருந்தது. அதைப் பார்க்கத் தம்பிக்குத் தாங்கவில்லை.

அவள் தட்டினாள்: "வந்துட்டேன். ரொம்ப நாளாச்சு இல்ல. சாப்பிட்டியா."

"வந்துட்டேன்," என்றார் அத்தான்.

பிறகு இடைவெளி. அந்த இடைவெளியில் ஓர் இருமல் கேட்டது.

தம்பி நிமிர்ந்தான். ஆபரேஷனுக்கு முந்திய அத்தானின் இருமல் அது, நெஞ்சைச் செருமிக்கொள்கிற இருமல்.

"ரொம்ப நாளாச்சு இல்ல," என்றார் அத்தான்.

மறுபடி இடைவெளி. தூரத்தில், ஏதோ சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, ஒரு பெண் குரல் சலிப்போடு கூப்பிட்டது. "இன்னும் எவ்ளோ நேரம்? எல்லாம் ஆறிப்போகுது!"

"சாப்பிட்டியா," என்றார் அத்தான்.

அக்காவின் கை விசைப்பலகையிலிருந்து வழுக்கி மடியில் விழுந்தது. "நான் அதை அடிக்கலடா."

"தெரியும்க்கா."

"அது யாரு, பொம்பளை?"

"நீதான்க்கா."

அவள் அவனையே பார்த்தாள். அவனுக்கும் அப்போதுதான் புரிந்துகொண்டிருந்தது. சொல்லச் சொல்லப் புரிந்தது. பேச்சுத் துண்டுகளை நறுக்கியபோது நடுவில் மிஞ்சியதை அத்தான் தூக்கிப் போடவில்லை. மூச்சுக்கு ஆகும் என்று வைத்துக்கொண்டார். முதல் பதிப்பு அதைக் கழுவாமல் துடைக்காமல் அப்படியே எடுத்து இடைவெளியில் வைத்தது. இரண்டாம் பதிப்பில்தான் எல்லாவற்றையும் துடைத்துச் சுத்தமான மூச்சாக மாற்றியிருக்கிறார். காலையில் அவன் தட்டிய ஒன்று இரண்டு மூன்றில் புள்ளியே இல்லை, இடைவெளியும் இல்லை. அதனால்தான் அலுவலகத்தில் எதுவும் கேட்கவில்லை.

"அப்போ, இது..." என்றாள் அக்கா. "இது அவரேதானா? நான் அடிக்காதது?"

தம்பி தலையாட்டினான். அடித்ததற்கு மேல் ஓர் எழுத்துகூடப் பேசாது என்ற அவனுடைய ஒரே ஆறுதலும் போயிற்று.

அக்கா எதையும் எழுதவில்லை. ஒரே ஒரு புள்ளி வைத்தாள்.

போர்வைகள் தொங்கும் அதே அறையின் நிசப்தம் ஸ்பீக்கரிலிருந்து வந்தது. நாற்காலி கிறீச்சிட்டது. காகிதம் புரண்டது. யாரோ உள்ளே இழுத்த மூச்சு, பேச வாயெடுத்து நின்றது.

இன்னொரு புள்ளி. காற்றின் இரைச்சல். ஏதோ ஆடும் சத்தம், லொடலொட. பிறகு ஸ்பீக்கர் அதிர, எரிச்சலோடு, வள்ளென்று, "அம்மா! கதவு!"

"சாத்திட்டேன்டா!" என்று சமையலறையிலிருந்து அத்தை கத்தினாள்.

குழாய் நின்றது. ஈரக் கையோடு அத்தை வேகவேகமாக வந்தாள். பின்னறைக் கதவு பாதி திறந்து கிடந்தது. வந்த வேகத்தில் உள்ளே நுழைந்து அதைச் சாத்தினாள். தாழ்ப்பாள் பிடிக்காதே என்று உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். எத்தனையோ தடவை செய்து பழகிய கை. அப்புறம்தான் அவளுக்கு நினைவு வந்தது. கதவைப் பிடித்த கை பிடித்தபடியே இருக்க, அறைக்குள் நின்றிருந்தவள் மெதுவாகத் திரும்பினாள். அக்காவைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள், ஸ்பீக்கரைப் பார்த்தாள். வாய் கோணிக்கொண்டு போயிற்று.

"என் புள்ளை," என்றாள். தரையில் உட்கார்ந்து, அவன் போன நாளில்கூட அழாத அழுகையை அழுதாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் அத்தான் "வந்துட்டேன்" என்று சொல்லவே இல்லை. அக்கா வாக்கியம் எதுவும் தட்டுவதில்லை. மாலையானதும் லேப்டாப்பைத் திறந்து புள்ளி வைப்பாள், காத்திருப்பாள், இன்னொன்று வைப்பாள். பெரும்பாலும் வெறும் மூச்சுதான் வரும். சில நேரம் இருமல். சில நேரம் தெருவில் ஏதோ வண்டி போகும். அது அப்போது போன வண்டியா இப்போது போகிற வண்டியா என்று மூன்று பேரும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒரு சொல்லைத் தவறவிட்டுவிடுவோமோ என்ற பயத்தில் அந்த அறையில் யாரும் வாய் திறப்பதில்லை. பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தபோது அக்கா உதட்டில் விரல் வைத்தாள். அந்த அம்மாள் அதற்குப் பிறகு வருவதை நிறுத்திக்கொண்டாள். அக்கா இப்போது சாப்பிட்டாள், தூங்கினாள். தம்பி அதையே பிடித்துக்கொண்டு மனதைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தான். முன்பு வீட்டில் ஒருத்திதான் செத்தவரோடு இருந்தாள், இப்போது மூன்று பேரும் இருக்கிறோம் என்று அவனுக்குத் தெரியாமல் இல்லை.

மூன்று பேர் என்றால் அவனையும் சேர்த்துத்தான். அலுவலகம் முடிந்ததும் கால் தானாக அந்த வீட்டுக்கு நடந்தது. ஒரு நாள் அக்கா வைத்த புள்ளிக்குப் பிறகு யாரோ அடக்க முடியாமல் தும்மினார்கள். தடதடவென்று ஓடும் காலடி. பின்னாலேயே அத்தான் மைக்குக்கு வெகு அருகில், வாய்விட்டு, மூச்சு வாங்க வாங்கச் சிரித்தார். தும்மியது தம்பி. அந்த நாள் அவனுக்கு நன்றாக நினைவிருந்தது. தெருவில் நின்றபடி அவனும் விழுந்து விழுந்து சிரித்திருந்தான். ஆனால் அத்தான் உள்ளே தனியாக உட்கார்ந்து இவ்வளவு சிரித்தார் என்பது அவனுக்கு அன்று தெரியாது. முகத்தைக் கழுவப் போகிறவன் மாதிரி எழுந்து போய், குழாயடியில் நின்று அழுதுவிட்டு வந்தான்.

சாவிக்காரர் வாக்குத் தவறவில்லை. ஒரு நாள் அவராகவே அவன் மேசைக்கு வந்தார். "மேலே ஒத்துக்கிட்டாங்க. உன் ஃபைலை எடுத்து உன் வீட்டிலேயே வெச்சிருக்கேன்," என்றார். "சரியா ஓடுதான்னு பார்."

தம்பி பார்த்தான். லிப்மூச்சு, இரண்டாம் பதிப்பு. துடைத்துச் சுத்தம் செய்த மூச்சு. ஒட்டிய போலிப் பெயரைப் பிய்த்துவிட்டு இதை வைத்தால் போதும். ஒரு நிமிட வேலை. ஒரே நிமிடத்தில் இருமல், நாற்காலி, தும்மல், சிரிப்பு எல்லாம் வாயடைத்துப்போகும். அக்கா புள்ளி வைத்து வைத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் எழுந்துவிடுவாள். அதுதான் நல்லது என்று அவன் அறிவு சொன்னது. அவர்களிடம் சொல்லாமலே செய்துவிடலாம் என்றும் சொன்னது. கையை விசைப்பலகைமேல் வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தான். அவனால் முடியவில்லை. நின்றதே என்று கும்பிட்டவள் அத்தை; அவள் போடு என்று சொன்னால் போட்டுவிடலாம் என்று பாரத்தை அவள் தலையில் இறக்கத் தீர்மானித்தான்.

அன்று மாலை பின்னறையில், இரண்டு புள்ளிகளுக்கு நடுவில், கிசுகிசுப்பாகச் சொன்னான்.

"அத்தை, சரியான ஃபைல் கிடைச்சிடுச்சு. அதைப் போட்டா இந்த இரைச்சல் எதுவும் வராது. சுத்தமா ஆயிடும். நீங்க அன்னைக்கு வேணாம்னு சொன்னீங்களே... போட்டுடவா?"

அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவன் சொன்னது அத்தையின் காதில் விழுந்ததா என்றுகூடத் தெரியவில்லை. அத்தை எழுந்து கதவருகே போனாள். கதவு சாத்தியிருந்தது. அதை ஒரு சாண் அகலத்துக்குத் திறந்து வைத்தாள். திரும்பி வந்து, ஸ்பீக்கருக்குப் பக்கத்தில், எழுந்து ஓடிக் கதவைச் சாத்தத் தயாராக இருப்பவள்போல ஒரு காலை ஊன்றி உட்கார்ந்துகொண்டாள்.

"இன்னொரு புள்ளி வைம்மா," என்றாள் மருமகளிடம்.